ஆண்டறிக்கை: வாசகர் வட்டம், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

தலைவர் ஐயா அவர்களுக்கும், அண்ணன்மார் அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு மாதக் கூட்டங்கள் மின்வெட்டில் போயின. தைப்பூசக் காவடி சமயத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து கூட்டம் வைக்கவில்லை. சந்தா பாக்கிப் பட்டியலைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு எதிரிகள் வேண்டாம்.

இனி அந்த நாவல். ரிச்சர்ட் கான்டன் எழுதி 1982-இல் வந்த ‘பிரிட்சிஸ் ஆனர்’. கொலைகாரக் குடும்பத்தின் கதையைக் கோயில் மண்டபத்தில் பேசுவதா என்று செயற்குழுவிலேயே ஆட்சேபம் எழுந்தது. “திரௌபதையம்மன் தீமிதிக்கு நாம் சொல்வது என்ன கதையாம்?” என்று ஓர் அக்கா கேட்டதும் அது அடங்கிவிட்டது.

கதை நடப்பது நியூயார்க்கின் புரூக்ளினில். பிரிட்சி என்ற மாஃபியா குடும்பத்துக்காகக் கொலை செய்கிற சார்லி, ஒரு கல்யாணத்தில் ஐரீனைப் பார்த்துக் கிறங்குகிறான். அவளும் கூலிக்குக் கொலை செய்பவள்தான். போதாக்குறைக்கு அந்தக் குடும்பத்தின் பணத்திலேயே கைவைத்தவள். இருவரும் கல்யாணம் கட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் முடிக்கும் வேலை இருவர் தலையிலும் வந்து விழுகிறது. முடிவைச் சொல்லமாட்டேன், இன்னும் பாதியிலேயே நிற்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நம்மில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அதனால் நாவலை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசினோம். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘ஆனர்’ என்றால் மானமா, கௌரவமா? ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் நம் தமிழ் வாத்தியார் தாத்தா குறளின் மானம் அதிகாரத்தைப் பிரித்தார். கவரிமா போன்றவர்கள் மானம் போனால் தம் உயிரை விடுவார்கள். பிரிட்சிகளோ அடுத்தவர் உயிரை எடுக்கிறார்கள். ஆகவே மானம் பொருந்தாது, கௌரவம் என்றே வைக்கலாம், கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போடுகிறவர்கள் சொல்வதும் அதைத்தானே என்றார். தீர்மானம் நிறைவேறியது. என்னைக் கேட்டால், பிரிட்சி குடும்பத் தலைவரான கிழவர் டான் கௌரவம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் கணக்குப் புத்தகம் திறக்கிற சத்தம்தான் கேட்டது.

சிரிப்பு ஓரிடத்தில் நின்றுபோனது. டர்பனின் பழைய கிரே தெருவில் இருந்த கிரிம்சன் லீக், சலோட் என்ற ரவுடிக் கும்பல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், தம் அப்பா கடைக்கு மாமூல் வாங்க வந்தவன் “மாமா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவான் என்றார். அதற்குப் பிறகு யாரும் நாவலை எடுக்கவில்லை. ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய பன்னி சௌ வந்ததும் கலைந்தோம்.

அடுத்த கூட்டத்தில் 1985-இல் வந்த படத்தையும் போட்டுப் பார்த்தோம். ஜான் ஹஸ்டன் இயக்கியது. அவர் மகள் அஞ்செலிகாவுக்கு அதில் ஆஸ்கர் கிடைத்தது. அங்கேயும் குடும்பத் தொழில்தான்.

நூலகத்துக்கு வாங்கிய பிரதி இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குடும்ப கௌரவம் கருதிப் பெயரை எழுதவில்லை.

செயலாளர்