பூட்டிய லேசரும் அடங்காத இரைச்சலும்

புதுச்சேரி,
கார்த்திகை மாதம்.

அன்பு நண்பா,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். மஞ்சக்குப்பத்தில் உன் தெருவில் இம்முறை தண்ணீர் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் ஒரு கல்வியாண்டு இருக்கிறது. அதற்குப் பிறகும் ஆய்வகச் சாவியை என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று துறையில் கேலி பேசுகிறார்கள். அது கேலி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் மாணவர் 780 நானோமீட்டர் டயோடு லேசரை ருபிடியம் ஆவிக் குப்பியின் உட்கவர் வரியில், அதாவது அந்த அணுக்கள் ஒளியை விழுங்கும் குறிப்பிட்ட அதிர்வெண்ணில், பின்னூட்டச் சுற்றால் பிடித்து நிறுத்திப் பூட்டியிருக்கிறார். பூட்டிய பின், லேசர் அந்த வரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எரர் சிக்னலில் எஞ்சிய நடுக்கத்தை அளந்து, அந்தச் சைகையின் சரிவால் வகுத்து, 20 கிலோஹெர்ட்ஸ் என்று கண்டிருக்கிறார். அதையே லேசரின் வரி அகலம் (அதன் அதிர்வெண் பரவியிருக்கும் அளவு) என்று ஆய்வேட்டில் எழுத விரும்புகிறார். நீ கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குப் போடாதே. அவருடைய வேலையில் குறை எதுவும் இல்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அந்த வரியில் லேசரை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்ததே பெரிய காரியம். ஆனால் அந்த 20 கிலோஹெர்ட்ஸ், பின்னூட்டச் சுற்று எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது; லேசர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதை அது சொல்லவே இல்லை.

காரணம் எளிது, ஆனாலும் எளிதில் கண்ணுக்குப் படாது. சுற்றுக்குள் வந்து சேர்வது லேசரின் விலகல் மட்டுமன்று. குப்பியைக் கடந்த ஒளியை அளக்கும் ஒளி டயோடின் ஷாட் இரைச்சல் (ஃபோட்டான்கள் ஒழுங்கின்றி வந்து சேர்வதால் எழுவது), பெருக்கியின் இரைச்சல், குப்பியின் வழியே செல்லும் கற்றையின் செறிவு ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. சுற்று பூச்சியமாக்குவது இந்தக் கூட்டுத்தொகையை. அளவியில் ஒரு பொய்யான மேடு தோன்றினால், சுற்று அதை உண்மையென நம்பி, லேசரை அதே அளவு எதிர்த்திசையில் தள்ளிவிட்டு, எரர் சிக்னலைத் தட்டையாக்கிக் காட்டும். திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் நிற்கும்; லேசரோ அளவியின் இரைச்சல் முழுவதையும் தன் மேல் ஏற்றிக்கொண்டு அலையும். கணக்கும் அதிர்ச்சி தரக்கூடியதுதான்: ருபிடியத்தின் டி2 வரியின் இயல்பான அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், கற்றையின் செறிவால் அது விரிந்து 10 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது என்று வைத்துக்கொள். சைகை இரைச்சலைப் போல 100 மடங்கு இருந்தால்கூட, சுற்று லேசரின் மேல் எழுதிவிடும் நடுக்கம் 100 கிலோஹெர்ட்ஸ் வரிசையில் இருக்கும். எரர் சிக்னல் 20 என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

செறிவின் ஏற்ற இறக்கத்தை அவர் தனியாகக் கவனிக்க வேண்டும். லேசரின் மின்னோட்டத்தை அசைத்துப் பண்பேற்றம் செய்து, அந்த அசைவின் தாளத்தில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியால் எரர் சிக்னல் எடுப்பதாக எழுதியிருக்கிறாய். மின்னோட்டம் அசைந்தால் அதிர்வெண்ணோடு ஒளியின் அளவும் அசையும்; அந்த எஞ்சிய வீச்சுப் பண்பேற்றம் எரர் சிக்னலின் பூச்சியத்தையே இடம்பெயர்த்துவிடும். அறை வெப்பத்தோடு சேர்ந்து பூட்டிய புள்ளியும் மெல்ல நகரும். உள்ளிருந்து பார்ப்பவருக்கு எந்தத் தடயமும் கிடைக்காது.

அதிர்வெண் என்பது கட்டம் (அலை தன் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பது) மாறும் வேகம் என்பதை அவரிடம் நீ மீண்டும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டு. லேசர் ஊடகத்தில் தன்னிச்சையாக உமிழப்படும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஒளியலையின் கட்டத்தைச் சிறிது தட்டிவிடுகிறது. தட்டல்கள் சேர்ந்து, கட்டம் இலக்கின்றித் தள்ளாடி நடக்கிறது. ஷாலோவும் டவுன்ஸும் 1958ல் இதற்கு ஒரு கீழ் எல்லை கண்டார்கள்: ஒளித்திறன் கூடக் கூட அகலம் குறையும், கேவிட்டியின் (ஒளி முன்னும் பின்னும் ஓடும் கண்ணாடி அறையின்) ஒத்ததிர்வு அகலம் கூடினால் இருபடியாகக் கூடும். டயோடு லேசர்களில் அளந்த அகலம் அந்தக் கணக்கைவிடப் பன்மடங்கு இருந்ததற்கு 1982ல் சார்ல்ஸ் ஹென்றி காரணம் சொன்னார். குறைகடத்தியில் மின்னூர்திகளின் எண்ணிக்கை மாறும்போது ஒளிவிலகல் எண்ணும் மாறுவதால், வீச்சில் தோன்றும் நடுக்கம் கட்டத்துக்கும் கடத்தப்படுகிறது. அந்தக் கடத்தலின் வலிமையை ஆல்ஃபா என்று குறித்தால், அகலம் ஒன்று கூட்டல் ஆல்ஃபா இருபடி என்ற மடங்கில் பெருகுகிறது. ஆல்ஃபா 5 என்றால் 26 மடங்கு. கீற்றணி (ஒளியை நிறம் பிரித்து டயோடுக்கே திருப்பும் கோடிட்ட தகடு) வைத்து வெளிக் கேவிட்டியை நீளமாக்குவது இந்த இயற்கை இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதற்குத்தான். இதில் என் கருத்து சற்றுப் பழமையானது என்று இளையவர்கள் சொல்வார்கள்: முதலில் லேசரை அமைதிப்படுத்து, பிறகு பூட்டைப் பற்றிப் பேசு. மோசமான மின்னோட்ட மூலத்தைப் பின்னூட்டத்தால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையில் விலையுயர்ந்த மின்னணுவியல் வாங்கிக் குவித்த ஆய்வகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வரி அகலம் என்ற சொல். எந்தக் கால அளவில் என்று சொல்லாமல் அதற்குப் பொருள் கிடையாது. அதிர்வெண் இரைச்சல் எல்லா வேகத்திலும் ஒரே அளவாக, வெள்ளையாக இருந்தால், நிறமாலை வடிவம் லாரென்ஸியன், அதாவது இறக்கைகள் நீண்ட உச்சி. அகலம் அந்த இரைச்சல் அடர்த்தியை (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பட்டையிலும் உள்ள இரைச்சலை)ப் போல பை மடங்கு. நடைமுறையில் மெதுவான பக்கத்தில் ஃபிளிக்கர் இரைச்சல் (வேகம் குறையக் குறைய வளர்வது) மேலோங்கி நிற்கும். அப்போது வடிவம் மணி போன்ற காஸியனை நெருங்கும், கூடுதல் நேரம் பார்த்தால் அகலமும் கூடும். டி டொமெனிகோ, ஷில்ட், தொமான் ஆகியோர் 2010ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கையடக்கமான விதி இருக்கிறது. இரைச்சல் அடர்த்தி வரைபடத்தில் அதிர்வெண்ணைப் போல 0.56 மடங்கு என்ற சாய்கோட்டை வரைந்தால், அதற்கு மேலே எழும் பகுதிதான் அகலத்தை உண்டாக்கும். கீழே இருப்பது நிறமாலையின் இறக்கைகளை மட்டும் உயர்த்தும். உன் மாணவர் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக அந்த வரைபடத்தை ஆய்வேட்டில் வைத்தால், தேர்வாளர் கேட்கக்கூடிய பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

கெயினை, அதாவது சுற்றின் பெருக்கத்தை, கூட்டினால் எரர் சிக்னல் மேலும் தட்டையாகிறது, ஆனால் ஓர் எல்லைக்கு மேல் லேசர் ஊளையிடத் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். திருப்பாதிரிப்புலியூரில் தேர் இழுக்கும்போது முட்டுக்கட்டை போடுபவரை நீயும் நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தேர் இடப்பக்கம் சாயத் தொடங்கிய கணத்தில் கட்டை விழுந்தால் தேர் நேராகும்; கட்டை தாமதமாக விழுந்தால், அதற்குள் தேர் தானே திரும்பியிருக்கும், கட்டை அதை மேலும் வலப்பக்கம் தள்ளிவிடும். பின்னூட்டத்தில் தாமதம் செய்வது இதைத்தான். கம்பியில் மீட்டருக்கு 5 நானோவினாடி, அது பொருட்டன்று. ஆனால் படிகத்தில் ஒலியலை செலுத்தி ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் ஒலி-ஒளிப் பண்பேற்றியைத் திருத்தும் கருவியாக வைத்தால், படிகத்துக்குள் ஒலி கற்றையை எட்டவே அரை மைக்ரோவினாடி ஆகிவிடும். மின்னணுவியலின் பங்கையும் சேர்த்து மொத்தத் தாமதம் 1 மைக்ரோவினாடி என்றால், 100 கிலோஹெர்ட்ஸில் 36 பாகை பின்தங்கல், 250 கிலோஹெர்ட்ஸில் 90 பாகை. அதற்கு அப்பால் உள்ள இரைச்சலைச் சுற்று அடக்குவதற்குப் பதிலாக வளர்க்கும். சைகையை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் நடு உச்சியின் இரு தோள்களிலும் இரண்டு மேடுகள் எழுந்து நிற்பது இதனால்தான். ஓரிடத்தில் அமுக்கியது வேறோரிடத்தில் புடைக்கும் என்பது பொறியாளர் போடே கண்ட கணித விதி. எவ்வளவு பணம் செலவழித்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது, புடைப்பை எங்கே வைப்பது என்பதை மட்டுமே நாம் தேர்ந்தெடுக்கலாம். சிறைப்பட்ட அயனிகளையும் ரிட்பெர்க் அணுக்களையும் (மிக உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றிய அணுக்கள்) லேசரால் ஆள்பவர்கள் அந்தத் தோள் மேடுகளுக்குத்தான் மிகவும் அஞ்சுகிறார்கள். அவர்களுடைய அணுக்கள் இரு ஆற்றல் நிலைகளுக்கு இடையே மாறி மாறி ஊசலாடும் வேகமும் பெரும்பாலும் அதே எல்லைக்குள் வந்துவிடுகிறது.

எரர் சிக்னலை விட்டுவிட்டு, திருத்தும் மின்னழுத்தத்தைப் பார்க்கச் சொல். இங்கே எங்கள் ஆய்வகத்தில் கீற்றணியைத் தள்ளும் பீசோவின் (மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் படிகத்தின்) மின்னழுத்தத்தை இரவு பகலாகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். பூட்டு போட்ட லேசர் எதை எதிர்த்துப் போராடியது என்பது முழுவதும் அதில்தான் இருக்கிறது. குளிர்சாதனம் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரம்பப் பல் தெரியும். டயோடின் வெப்பம் ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலே, வெற்று டயோடு 30 மெகாஹெர்ட்ஸ் நகரக்கூடியது. அந்தப் பற்களுக்கு அடியில், நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் மெல்லிய அலை ஒன்று இருந்தது. மாணவர்கள் அதை மின்வாரியத்தின் மின்னழுத்த மாற்றம் என்று முதலில் சந்தேகித்தார்கள். சுவரில் இருந்த காற்றழுத்தமானியின் பதிவை அதன் மேல் வைத்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. நம் வெப்ப மண்டலத்தில் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் காற்றழுத்தம் உச்சமாகவும், இரு நான்கு மணிகளில் தாழ்ந்தும் இருக்கும். வேறுபாடு சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். வெளிக் கேவிட்டிக்குள் இருப்பது காற்று. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஒளிவிலகல் எண் மாறி, 384 டெராஹெர்ட்ஸில் இயங்கும் லேசர் ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் நகரும். வானிலை மண்டலமே தினமும் எங்கள் லேசரை 300 மெகாஹெர்ட்ஸ் இழுத்துப் பார்க்கிறது, பீசோ இழுத்துப் பிடிக்கிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கும் நாட்களில் இது 1 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். பீசோவின் எல்லை முடிந்து பூட்டு அவிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட நாட்களிலும் அவிழும் கணம் வரை எரர் சிக்னல் தட்டையாகத்தான் இருந்தது.

கடலோரத்தில் இருக்கும் உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் லேசரின் பெல்டியர் குளிர்விப்பானைக் காப்பாற்றும், குளிர்சாதனத்தைக் காப்பாற்றாது. அறைக்குள் ஈரக்காற்று ஏறி 28 பாகையில் ஈரப்பதம் 80 சதவீதம் ஆனால், பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 பாகை. டயோடை 18 பாகையில் வைத்திருந்தால் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். வெப்பத்தை 25 பாகைக்கு மேல் வைத்து, மின்னோட்டத்தால் அலைநீளத்தைச் சரிக்கட்ட முடியுமானால் அதுவே நல்லது.

இனி அளவைக்கு வருகிறேன். பூட்டுக்கு வெளியே நிற்கும் சாட்சி ஒன்று வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு லேசர்களைத் தனித்தனிக் குப்பிகளில் பூட்டி, இரு கற்றைகளையும் ஒரு வேகமான ஒளி டயோடில் சேர்த்து, விம்மலின் (இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்தில் எழும் துடிப்பின்) நிறமாலையைப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. லாரென்ஸியன் வடிவமானால் விம்மலின் அகலத்தில் பாதி ஒரு லேசருக்கு; காஸியனானால் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஆனால் இரண்டு லேசர்களும் ஒரே மேசையில், ஒரே மின் மூலத்தில், ஒரே குளிர்சாதனக் காற்றில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஆடும். சேர்ந்து ஆடுவது விம்மலில் கழிந்துபோய், முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும். நீண்ட ஒளியிழைச் சுருள் கிடைத்தால், ஒரே லேசரின் ஒளியை அதனுடைய பழைய ஒளியோடு சேர்த்துப் பார்க்கும் முறையும் உண்டு. 5 கிலோமீட்டர் இழையில் தாமதம் 25 மைக்ரோவினாடி. ஆகவே 40 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான நடுக்கம் அதற்குச் சரியாகத் தெரியாது. உன் மாணவரின் எண் அந்த எல்லைக்குள்தான் வருகிறது என்பதால் இம்முறை இங்கே உதவாது.

பௌண்ட்-டிரெவர்-ஹால் முறைக்கு, அதாவது அணுக்களுக்குப் பதிலாக இரு கண்ணாடிகளுக்கு இடையிலான கேவிட்டியில் லேசரைப் பூட்டும் முறைக்கு, மாறலாமா என்றும் கேட்டிருந்தாய். 1946ல் நுண்ணலைக்காக பௌண்ட் செய்ததை டிரெவரும் ஹாலும் கூட்டாளிகளும் 1983ல் ஒளிக்குக் கொண்டுவந்தார்கள். ஈர்ப்பலை அளக்கும் லைகோவும் அதை நம்பியே நிற்கிறது, ஹிங்கோலியில் வரவிருக்கும் நம் லைகோ-இந்தியாவும் நம்பியிருக்கும். ஆனால் அங்கே இரைச்சல் கேவிட்டியின் கண்ணாடிகளுக்கு இடம் மாறுகிறது. 10 சென்டிமீட்டர் கேவிட்டியைக் கொண்டு 1 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், அதன் நீளம் ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடக் குறைவாகத்தான் அசையலாம். வெற்றிடக் கலமும் வெப்பத்தால் விரியாத கண்ணாடியும் இல்லாத கல்லூரியில் அது வீண் செலவு. உன் ருபிடியம் குப்பி மலிவானது. அதன் அணுக்கள் காற்றழுத்தத்தையும் அதிர்வையும் பொருட்படுத்துவதில்லை. காந்தப் புலத்தை மட்டும் பார்த்துக்கொள். ஒரு காஸுக்கு 1.4 மெகாஹெர்ட்ஸ் வரை வரி நகரும், மின்மாற்றி ஒன்று அருகில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் அப்படியே லேசரில் ஏறும்.

எங்களிடம் இரண்டாவது லேசர் சும்மா இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு முன் ஒரு நாள் அதையும் தனிக் குப்பியையும் வண்டியில் வைத்துக் கடலூருக்குக் கொண்டுவருகிறேன். விம்மலை உங்கள் மேசையிலேயே எடுத்துவிடலாம். 2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஒளி டயோடு ஒன்றை மட்டும் தயாராக வைத்திரு. அதற்குள் உன் மாணவரிடம் சொல்லி, பூட்டியும் பூட்டாமலும் எடுத்த இரைச்சல் அடர்த்தி வரைபடங்கள் இரண்டையும், மூன்று நாள் பீசோ பதிவையும் அனுப்பச் சொல். ஆய்வேட்டில் அந்த 20 கிலோஹெர்ட்ஸை "சுற்றுக்குள் எஞ்சிய நடுக்கம்" என்ற பெயரில் அவர் தாராளமாக எழுதலாம். அதற்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்