கல்வட்டம் மட்டும்தானா?

ஐயா,

ஞாயிறு இணைப்பில் பழங்கால இங்கிலாந்து பற்றிய கட்டுரை படித்தேன். வழக்கம்போல ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தோடு நின்றுவிட்டது. தென்மேற்கே டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 'ரீவ்' எனப்படும் தாழ்வான கல்வரப்புகள் பல கிலோமீட்டர் ஓடுகின்றன. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்தில் போடப்பட்ட நில எல்லைகள் இவை. 1970-களில் தொல்லியலாளர் ஆண்ட்ரூ ஃப்ளெமிங் ஆராய்ந்த பிறகே இவற்றின் பழமை உறுதியானது.

இணை இணையாகச் செல்லும் வரப்புகள் டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கைக்கூட மதிக்காமல், மறுகரையில் அதே திசையில் தொடர்கின்றன. ஊர் கூடிப் பேசாமல் இது நடக்குமா? டார்ட்மூரின் ஒரு பகுதியான ஹோல்ன் மூரில் கல்லுக்கு முன் மரவேலி இருந்த தடயம் கிடைத்தது. இன்று முழங்கால் உயரமே தேறும் வரப்பு அன்று மாட்டை எப்படி மறித்தது என்பவருக்கு இது பாதி விடை. மேலே உயிர்வேலி வளர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அதே மேட்டுநிலத்தின் ஷா மூர் பகுதி அகழாய்வில் மாடு, ஆடு, குதிரைக் குளம்புத் தடங்களே கிடைத்தன!

டார்ட்மூரிலேயே உள்ள கிரிம்ஸ்பவுண்ட் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பில் 24 வட்டக் குடில்களைச் சுற்றிய மதிலும் கோட்டையல்ல, கால்நடைக்கான அடைப்பு என்றே இன்று பலர் கருதுகிறார்கள். அடுத்த இணைப்பில் இவற்றுக்கும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்