பின்-பார்வதி போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

இமாச்சலில் பார்வதிப் பள்ளத்தாக்கிலிருந்து பின் பள்ளத்தாக்குக்குத் தாண்டும் பின்-பார்வதி கணவாய்க்கு நீ போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தை அச்செடுத்து மூன்று நாளாகக் கையிலேயே வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நீயும் நானும் குறுக்கே குறுக்கே பேசுவோம், முக்கியமானது விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "நீ தாண்டின கணவாயை நானும் தாண்டப் போறேன்மா" என்று அன்றைக்குச் சொன்னாயே, கேட்டதும் எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டது. நான் அந்தக் கணவாயைத் தாண்டவில்லை. ஹாலில் மாட்டியிருக்கும் படம், பின்னால் ஏரியும் திரிசூலங்களும் தெரிகிறதே, அது கணவாய்க்குக் கீழே இருக்கும் மந்தலாய் ஏரிக்கரையில் எடுத்தது. கணவாய் அதற்கும் ஆயிரத்து இருநூறு மீட்டர் மேலே இருக்கிறது. தாண்டிவிட்டு வந்து எடுத்த படம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. உன்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தது தப்பு. நீ அங்கேயே போகப்போகிறாய் என்ற பிறகும் சொல்லாமல் இருந்தால் அது உனக்கு ஆபத்து.

2001 செப்டம்பர். நாங்கள் ஆறு பேர், ஒரு கைடு, நாலு போர்ட்டர்கள். மந்தலாயில் ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாளே கணவாய்க்கு முன்னால் கடைசியாகத் தங்கும் பேஸ் கேம்புக்கு ஏறிவிட்டோம். எல்லோருக்கும் தலைவலி. அந்த உயரத்தில் அது சகஜம்தானே என்று விட்டுவிட்டோம். சாயங்காலம், எங்களோடு வந்த அக்கா கூடாரத்துக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானை ஒரு துளை மேலே மாட்டுவார், கழற்றுவார், அதே துளையில் மறுபடியும் மாட்டுவார். குளிரில் விரல் மரத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த கைடு அதை அப்படியே விட்டுவிட்டு வந்தார். நடைக்குச்சியால் சரளையில் நேராக ஒரு கோடு கிழித்தார். ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் விரலைத் தொடுகிற மாதிரி வைத்து வைத்து அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே அக்கா பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். விழாமல் கைடுதான் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் தூக்கப்பையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். நான் சண்டை போட்டேன், கண்ணு. வானம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாமே, கணவாய் இதோ நிற்கிறதே என்றெல்லாம் கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. நாலு டார்ச் வெளிச்சத்தில் கூழாங்கல் சரிவு முழுக்க இறங்கி, நள்ளிரவு தாண்டி மந்தலாய் வந்து சேர்ந்தோம். விடிந்தபோது அக்காவுக்குப் பேச்சு தெளிந்திருந்தது. நடை சரியாக இன்னும் இரண்டு நாள் ஆனது. மூளையில் நீர் கோத்து வீங்கினால் முதலில் நடைதான் தடுமாறும் என்று ஊருக்கு வந்து டாக்டரிடம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. காலை வரைக்கும் காத்திருந்தால் நினைவு தப்பியிருக்கலாம், அப்புறம் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு பொத்தானை வைத்து அந்தக் கைடு கண்டுபிடித்ததை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை.

இப்போது உன் திட்டத்துக்கு வருகிறேன். பர்ஷைனியில் தொடங்கி கீர்கங்கா, துண்டா புஜ், தாக்குர் குவான், ஓடி தாட்ச் வரைக்கும் நீ போட்டிருப்பது நன்றாக இருக்கிறது. இந்த வழியில் அதுதான் நல்ல விஷயம், ஐந்து நாள் ஆற்றோடு மெல்ல மெல்ல ஏறுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். சிக்கல் அதற்கு மேலேதான். ஆறாம் நாள் மந்தலாய், ஏழாம் நாள் பேஸ் கேம்ப், எட்டாம் நாள் கணவாய் என்று போட்டிருக்கிறாய். மந்தலாய் சுமார் 4,100 மீட்டர். பேஸ் கேம்ப் சுமார் 4,900. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நீ ஒரே நாளில் எண்ணூறு மீட்டர் ஏறித் தூங்கப் பார்க்கிறாய். நாங்கள் செய்ததும் அதேதான்.

மந்தலாயில் இரண்டு இரவு போடு. இரண்டாம் நாள் சும்மா படுத்திருக்காமல் மேலே இருக்கும் கல்மேட்டில் ஒரு முந்நூறு மீட்டர் ஏறி, அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, இறங்கி வந்து தூங்கு. பேஸ் கேம்புக்கு முன்னால் நடுவில் ஒரு இரவு தங்க இடம் கிடைக்குமா என்று கைடிடம் கேள். 5,319 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நீ தினமும் ஓடுகிறாய், மாடிப்படி ஏறுகிறாய், நல்லதுதான், கால் வலிக்காது. ஆனால் உயரத்தில் காற்று குறைவதால் வரும் மலை நோய் உடற்பயிற்சியைப் பார்த்து வருவதில்லை. வலுவாக இருப்பவர்கள்தான் வேகமாக ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பயமாக இருப்பது உன் விமான டிக்கெட். 16-ஆம் தேதி கணவாய்க்கு மறுபக்கம் நடை முடியும் மூத் கிராமம், அன்றைக்கே ஸ்பிதியில் இருக்கும் காசா ஊர், 17 மணாலி, 18 டெல்லி, 19 விமானம். நடுவில் ஒரு நாள்கூடச் சும்மா இல்லை. காசாவிலிருந்து மணாலி வரும் சாலையும் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாய் வழியாகத்தான் வருகிறது. அங்கே சீக்கிரமே பனி விழுந்தாலோ மலை சரிந்தாலோ கின்னௌர் வழியாகச் சுற்றி வர வேண்டும், அதற்கே இரண்டு நாள் ஆகும். எட்டாம் நாள் பேஸ் கேம்பில் மேகம் மூடியிருந்தால் நீ என்ன செய்வாய்? காத்திருக்க நாள் இல்லை என்றால், தலைவலியை மறைத்துக்கொண்டு ஏறத்தான் தோன்றும். எங்கள் ஆறு பேருக்கும் ரயில் டிக்கெட் இருந்தது. நான் அன்றைக்குக் கத்தியதில் பாதி அந்த டிக்கெட்டுக்காகத்தான். நாலு நாள் கூடுதலாக வேண்டும்: மந்தலாயில் ஒன்று, பேஸ் கேம்பில் ஒன்று, சாலைக்கு இரண்டு. மாற்றுவதற்கு ஆகும் பணத்தை நான் தருகிறேன்.

நாள் கிடைக்காவிட்டால் அக்டோபருக்குத் தள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். 2014-ல் நம் வங்கக் கடல் பக்கத்திலிருந்து வந்த ஹூட்ஹூட் புயல் அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் நேபாளத்தில் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் கணவாயையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். 2021 அக்டோபரில் ஹர்சிலிலிருந்து சித்குலுக்குப் போகும் லம்காகா கணவாயிலும் பனியில் சிக்கிப் பலர் இறந்தார்கள். அதற்காகச் செப்டம்பருக்கு முன்பே போகவும் முடியாது. ஜூலை, ஆகஸ்டில் பார்வதிப் பக்கம் மழை கொட்டும், 2023 ஜூலையில் குலு மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது. செப்டம்பர் முதல் பாதி என்று நீ எடுத்ததுதான் சரி. ஆனால் அந்தச் சமயத்தில் மேலே பனி உருகி, பனியாற்று வெடிப்புகள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். கயிறு கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். உங்கள் கைடு இந்த வருஷம் அந்தப் பனியாற்றைத் தாண்டியிருக்கிறாரா, எந்தத் தேதியில் தாண்டினார் என்று நேரடியாகக் கேள். போன வருஷம் போனேன் என்றால் போதாது, வெடிப்புகள் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும்.

கணவாய் ஏறும் அன்று விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள், பனி இறுகியிருக்கும்போதே மேலே போய்விட வேண்டும். பகல் பதினோரு மணிக்குள் கணவாயில் இல்லையென்றால் திரும்புவது என்று கீழேயே எல்லோரும் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் யாருக்கும் மனசு வராது.

அப்புறம் மருந்து. இது உனக்குத் தெரியாது, அதனால் கவனமாகப் படி. உனக்கு மூன்று வயதில் காய்ச்சலுக்கு சல்ஃபா மருந்து கொடுத்தபோது உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது, கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. மலை நோய் வராமல் இருக்கப் போடும் டயமாக்ஸும் சல்ஃபா வகையைச் சேர்ந்ததுதான். சல்ஃபா ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாத பலருக்கு டயமாக்ஸ் ஒன்றும் செய்வதில்லை என்கிறார்கள். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். நான் சொன்னதை அப்படியே அவரிடம் சொல். அவர் சரி என்றால் வீட்டிலேயே, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போதே ஒரு மாத்திரை போட்டுப் பார்த்துவிடு. வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏற ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனி மதமதவென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அதற்குப் பயப்படாதே. மாத்திரை போட்டிருக்கிறோம் என்று வேகமாக மட்டும் ஏறாதே. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அப்போது இரவு என்ன, மழை என்ன, இறங்கத்தான் வேண்டும்.

நீ வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்ன சாட்டிலைட் தொடர்புக் கருவியை எடுத்துவராதே. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டவிரோதம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். கீர்கங்காவுக்கு மேலே கைபேசியும் வேலை செய்யாது. ஏதாவது ஆகிவிட்டால் ஒரு ஆள் நாள்கணக்கில் நடந்து வந்துதான் வெளியே சொல்ல முடியும். கிளம்பும் முன் உங்கள் பெயர்கள், வழி, மூத் சேரும் தேதி எல்லாவற்றையும் போலீசிலும் வனத்துறையிலும் எழுதிக் கொடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

வழியில் பாண்டு புல் என்று ஒரு இடம் வரும், இந்தியில் புல் என்றால் பாலம். ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் பெரும்பாறைதான் பாலம், பாண்டவர்கள் போட்டது என்பார்கள். பாறையின் முதுகில் கால் வைக்கச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். கீழே வெள்ளை வெளேரென்று தண்ணீர் இரைந்துகொண்டு ஓடும், பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மழையில் நனைந்திருந்தால் கயிறு போடச் சொல், வெட்கப்படாதே. ஓடைகளை எல்லாம் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, முழங்கால் தண்ணீர் சாயங்காலத்துக்குள் இடுப்புக்கு வந்துவிடும். தண்ணீரில் இறங்கும்போது முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடு.

போர்ட்டர்களைப் பற்றி உன் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எங்களோடு வந்த ஒரு பையன் கேன்வாஸ் ஷூவோடு பேஸ் கேம்ப் வரைக்கும் வந்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. அவர்களுக்கும் தலைவலி வரும், கூலி போய்விடுமோ என்று சொல்லமாட்டார்கள். நல்ல ஷூ, கறுப்புக் கண்ணாடி, இரவில் போர்த்திக்கொள்ள வேண்டியது எல்லாம் இருக்கிறதா என்று பர்ஷைனியிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்துவிடு. பனியில் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நடந்தால் கண் எரிந்து பார்வையே மங்கிவிடும். யாராவது நோயாகி இறங்க வேண்டி வந்தால், அது போர்ட்டராகவே இருந்தாலும், துணைக்கு ஆள் அனுப்பாமல் இறக்காதே.

உன் அப்பாவுக்கு நீ போவதிலேயே சம்மதம் இல்லை. நான் பேசியிருக்கிறேன். நீ போக வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. மந்தலாயில் விடியும்போது அந்தச் சமவெளி முழுக்க பார்வதி ஆறு நூற்றுக்கணக்கான நூல்களாகப் பிரிந்து ஓடுவதை நீ பார்க்க வேண்டும். மேலே ஏறி மறுபக்கம் போனால் மழையே எட்டாத அந்தப் பழுப்பு மலைகள் எப்படி இருக்கும் என்று எனக்கு நீதான் வந்து சொல்ல வேண்டும், நான் பார்த்ததில்லை.

தினமும் சாயங்காலம், தலை வலிக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரு கோடு கிழித்து நடந்து பாருங்கள். டிக்கெட்டை மாற்றியதும் எனக்குச் சொல். இந்தப் பக்கம் மூத் வந்து இறங்கினாலும், அந்தப் பக்கம் பர்ஷைனிக்கே திரும்பி வந்தாலும், போன் கிடைத்த உடனே என்னைக் கூப்பிடு. நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

அம்மா