பால் கட்டினால் காய்ச்சல் வரும்: ஷூ கம்பெனி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அதில் பலர் பிரசவ லீவு முடிந்து திரும்பியவர்கள். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் லைனில் ஒரு பெண் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறியதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நாலைந்து நாளாக அவளுக்கு மார்பில் பால் கட்டியிருந்தது. பாலைப் பீய்ச்சப் பத்து நிமிடம் கேட்டாள். "டார்கெட்டை முடிச்சிட்டுப் போ" என்று பதில் வந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் சீழ் எடுத்திருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறோம்: பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, ஷிப்டில் இரண்டு முறை இருபது நிமிடம்.

பால் கட்டுவது என்றால் என்னவென்று ஆண்கள் பலருக்குத் தெரியாது. காலையில் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். பதினோரு மணிக்குள் மார்பு கனத்து, ஒரு பக்கம் கல்லாக இறுகிவிடும். ஷூவுக்கான தோலை மெஷின் ஊசிக்கு அடியில் தள்ளும் ஒவ்வொரு தடவையும் கை அசைய, வலி அக்குள்வரை இழுக்கும். ஜாக்கெட் நனைந்துவிடும். மேலே போடும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு தைப்போம். சாப்பாட்டு நேரத்தில் டாய்லெட்டுக்குள் நின்று, கையால் பீய்ச்சிக் கீழே ஊற்றுகிறோம். வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். குழந்தைக்குப் போக வேண்டிய பால் அது.

இதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. எங்கள் ஊர் நர்ஸ் அக்கா சொன்னது: பாலைத் தேங்க விடாதே, கட்டிய பக்கமும் வழக்கம்போல் குழந்தைக்குக் கொடு, மெதுவாகத் தடவு, அழுத்திப் பிசையாதே, கொடுத்த பிறகு ஈரத்துணி வை, காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் போ. எல்லாம் சரி. ஆனால் எட்டு மணி நேரம் மெஷினை விட்டு எழ முடியாதவள் பாலை எப்படித் தேங்க விடாமல் இருப்பாள்?

வேறு வழியில்லாமல் சிலர் வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிப் பாலை வற்ற வைக்கிறார்கள். பூ வைத்தால் பால் குறையும் என்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மருத்துவர்களே 1988-இல் ஆய்வு எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயதுவரை தாய்ப்பால் என்று அரசு ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க எழுதியிருக்கிறது. நாங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் பூ கட்டுகிறோம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 1976 திருத்தத்துக்குப் பிறகு, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை என்றது. எங்கள் கம்பெனியில் காப்பக அறை இருக்கிறது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் திறக்கும். பொம்மை வரும், புதுப் பாய் வரும். மறுநாள் பூட்டு. போட்டோவில் சிரிக்க எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பூட்டிய அறையே போதும். இரண்டு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். வேலூர் வெயிலில் பீய்ச்சிய பால் சாயங்காலம்வரை வெளியே தாங்காது, அதனால்தான் ஃபிரிட்ஜ் கேட்கிறோம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கைக்குழந்தையைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டி வர முடியாது. பாலையாவது வீட்டுக்குக் கொண்டு போகிறோம்.

ஓர் அறை, இரண்டு முறை இருபது நிமிடம். டார்கெட்டில் அந்த நேரத்தைக் கழித்துக் கணக்குப் போடும்படி சூப்பர்வைசர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் நோட்டீஸ் போர்டில் பதில் ஒட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு தாய்