அந்த முத்திரைத்தாளை முதலில் காட்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நாற்பத்தாறு வயதில் மறுபடி ஒரு துணை கிடைத்திருக்கிறது என்று நீ எழுதிய வரியைத் தாண்டிப் போகவே எனக்கு நேரமாயிற்று. நீ தனியாக ஓட்டிய வருஷங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நன்றாக இரு டி. மனசார சொல்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அவர் அமெரிக்கக் குடிமகன், நீ ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறாய். அடுத்த மாதம் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவுத் திருமணம், உடனே கிரீன் கார்டுக்கு மனு. “நீங்கள் வக்கீல் இல்லாமல்தானே போட்டீர்கள், நாங்களும் அப்படியே போட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறாய்.

நாங்களே போட்டது உண்மைதான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது முதல் கல்யாணம். நான் மாணவர் விசாவில் வந்தேன், ஒரு நாள்கூட அது காலாவதியாகவில்லை. ஸ்பான்சர் செய்ய வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் இருந்தால் போதும், இவர் சம்பளம் அதற்கு மேலேயே இருந்தது. எங்களுக்கு வந்த ஒரே சிக்கல் என் பிறப்புச் சான்றிதழ். அதில் என் பெயரே இல்லை, “பெண் குழந்தை” என்று மட்டும் இருந்தது. நம் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், உன்னுடையதை இன்றைக்கே எடுத்துப் பார். அம்மாவும் பெரியம்மாவும் அஃபிடவிட் எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் இருந்ததை இரண்டு மொழியும் தெரிந்த ஒரு சிநேகிதி ஆங்கிலத்தில் பெயர்த்து, சரியான மொழிபெயர்ப்பு என்று கையெழுத்துப் போட்டாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நேர்காணலில் எப்படிச் சந்தித்தீர்கள், வாடகை யார் கட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னோம். எங்கள் வாழ்க்கையில் விளக்கம் சொல்ல வேண்டிய பக்கம் ஒன்றும் இல்லாததால் வக்கீல் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

உனக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: “முதல் கல்யாணத்துக்கு அந்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதே, அதை வைத்தால் போதும்தானே?” இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பத்திரம் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நகையைத் திருப்பி வாங்கி, முத்திரைத்தாளில் எழுதி, நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டீர்கள். அன்றைக்கு அதுவே உனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் நீ கோர்ட்டுக்குப் போகவில்லை. இந்து திருமணச் சட்டம், 1955-இன் 29(2) பிரிவு சமூக வழக்கப்படி நடக்கும் விவாகரத்தை ரத்து செய்யவில்லை என்பது சரிதான். ஆனால் உங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக நடைமுறையில் உண்டு என்று காட்டினால்தான் அது செல்லும். இரண்டு பேர் மனமொத்து எழுதிக்கொண்ட தாள் மட்டுமே வழக்கம் ஆகிவிடாது.

இங்கே குடியேற்றத் துறை கேட்பதும் அதுதான்: முந்தைய திருமணம் அந்த ஊர்ச் சட்டப்படி முடிந்ததா? நிரூபிக்க வேண்டியது மனுப் போடுகிறவர் பொறுப்பு. அந்தத் திருமணம் இன்னும் முடியவில்லை என்று அவர்கள் நினைத்தால் உன் புதுக் கல்யாணமே சட்டப்படி கல்யாணம் இல்லை என்று ஆகிவிடும், மனு தள்ளுபடியாகும். கட்டிய பணமும் திரும்பி வராது. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி அவர் உனக்காகப் போடும் ஐ-130 மனுப் படிவத்தைத் தாளில் அனுப்பினால் 675 டாலர், நீ கிரீன் கார்டு கேட்டுப் போடும் ஐ-485-க்கு 1,440 டாலர். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நான் பயப்படுவது முறைப்படி செய்கிற வரிசை தவறிவிடுமே என்றுதான். இப்போது கல்யாணம் செய்துகொண்டு, பிறகு ஊரில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கினால், அந்தத் தீர்ப்பு முன்னால் நடந்த கல்யாணத்தைச் சரிசெய்யாது. மறுபடி கல்யாணம் செய்துகொண்டு மனுவையும் புதிதாகப் போட வேண்டிவரும். போதாததற்கு, பல மாநிலங்களில் திருமண உரிமம் வாங்கும்போதே முந்தைய கல்யாணம் எப்படி முடிந்தது என்று சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும்.

அதனால் மனுவுக்கு மட்டுமில்லை, கல்யாணத் தேதிக்கே முன்னால் நீ வக்கீலைப் பார்க்க வேண்டும். சொல்லப்போனால் உனக்கு முதலில் வேண்டியது ஊரில் குடும்பநல வழக்குப் பார்க்கிற வக்கீல். அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து விவாகரத்து மனுப் போடும் வழி இருக்கிறது. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது எப்போதோ ஆயிற்று. மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காத்திருப்பைக் கோர்ட் நினைத்தால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. இன்னொரு வழி, குடும்பநல நீதிமன்றத்தில் உன் திருமண நிலை இன்னதென்று அறிவிக்கும் தீர்ப்பு (விளம்புகை) கேட்பது. எது உனக்குப் பொருந்தும் என்று நான் சொல்லக்கூடாது, பத்திரத்தைப் படித்த வக்கீல்தான் சொல்ல வேண்டும். அந்த மனுஷனிடம் திரும்பப் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று உனக்கு வயிற்றைப் பிசையும், தெரியும். நீ நேரில் போகவேண்டாம், வக்கீல் மூலமாகவே பேசட்டும்.

இன்னொன்று. ஹெச்-1பி விசாவுக்கு டிஎஸ்-160 விண்ணப்பப் படிவம் நிரப்பினாயே, அதில் திருமண நிலை என்ன போட்டாய்? விவாகரத்து என்றா, தனியாள் என்றா? பழைய படிவங்களின் நகல்களைத் தேடி எடு. இப்போது எழுதப்போவதும் அதுவும் முரண்பட்டால், தெரியாமல் செய்த பிழை என்று விளக்கம் கொடுக்க ஒரு வழி இருக்கலாம். ஆனால் பொய் சொல்லி விசா வாங்கியதாக முடிவுகட்டிவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும் தடை, அதை நீக்க விலக்குக் கேட்டு அலைய வேண்டும். எதையும் நீயாகத் திருத்தாதே, மறைக்கவும் செய்யாதே. அப்படியே வக்கீல் முன்னால் வை.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இங்கே பெரும்பாலும் ஒரே வக்கீல்தான் கணவன் மனைவி இருவருக்கும் ஆஜராவார், அப்படி ஆஜரானால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் மறைக்கமாட்டார். அதுவுமில்லாமல், உன்னைப் பணரீதியாகத் தாங்குவேன் என்று உறுதி சொல்லும் ஐ-864 படிவத்தில் உன் கணவராக அவர் கையெழுத்துப் போட்டால், பிற்பாடு நீங்கள் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விடாது. இத்தனையைத் தோளில் ஏற்றிக்கொள்ளப் போகிற மனிதர் இந்த முத்திரைத்தாள் விஷயத்தை உன் வாயால் முதலில் கேட்கட்டும். நல்லவர் என்று எழுதியிருக்கிறாய், புரிந்துகொள்வார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஏமாந்துவிடாதே. நம்மவர் ஒருவர் “நான் எத்தனை பேருக்குப் போட்டுக்கொடுத்திருக்கிறேன்” என்று சொல்லி என் தம்பிக்குப் படிவம் நிரப்பினார். நிரப்பியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடவே இல்லை. கேள்வி வந்தபோது போனையும் எடுக்கவில்லை. உண்மையான வக்கீல் என்றால் ஜி-28 படிவத்தில் உனக்காக ஆஜராவதாகக் கையெழுத்துப் போடுவார். மாநில பார் அமைப்பில் அவர் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். குடியேற்றச் சட்டம் மத்திய அரசுச் சட்டம், அதனால் அவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. செலவு உறுத்தினால், அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) அங்கீகாரம் கொடுத்த பிரதிநிதிகள் சில தொண்டு நிறுவனங்களில் இருக்கிறார்கள், அவர்களும் ஆஜராகலாம்.

முதலில் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டு. முழு வழக்கையும் கொடுப்பதா, நீங்கள் நிரப்பியதை அவர் சரிபார்த்தால் போதுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய். ஊர்த் தீர்ப்பு கைக்கு வந்துவிட்டால், மீதியெல்லாம் நாங்கள் செய்த மாதிரி நீங்களே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, போட்டோக்கள் என்று சேர்த்துக்கொண்டே வா. மனுவோடு வேலை அனுமதி அட்டை வந்தாலும் அவசரப்பட்டு அதில் வேலைக்கு மாறாதே. ஹெச்-1பியிலேயே இருந்தால் மனுவுக்கு ஏதாவது ஆனாலும் நிற்க இடம் இருக்கும். இதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்.

அந்தப் பத்திரத்தை ஸ்கேன் செய்து இந்த வாரமே எனக்கு அனுப்பு, மடிப்பில் மறைந்த எழுத்தும் தெரிகிற மாதிரி. வக்கீலோடு பேசும்போது பக்கத்தில் யாராவது வேண்டும் என்றால் நானும் போனில் இருக்கிறேன், நேரத்தை மட்டும் சொல். கிளார்க் அலுவலகத்துத் தேதியைத் தள்ளிப்போடுவது இப்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவரிடம் பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது டி. காத்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன்
பழைய அறைத்தோழி