காமாலையை இறக்கிய பிறகுதான் அறுவை சிகிச்சையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் கணையப் புற்றுநோய் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்குள்ளேயே மூடி வைத்துப் பேசப்படும் ஒரு நோயைப் பற்றித் தெளிவாக எழுதியமைக்கு நன்றி. எனினும், பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துக் காமாலையை இறக்கிய பிறகே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று அதில் பொதுவிதிபோல எழுதப்பட்டிருந்த வரியைப் பேசாமல் கடந்துபோக என்னால் இயலவில்லை. அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். செய்தித்தாளில் வந்த ஒரு வரியைக் கத்தரித்து வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் குடும்பங்கள் நம் திருநெல்வேலிச் சீமையில் உண்டு என்பதை அறிவேன்.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி வளரும்போது, அதனூடே இறங்கும் பித்தக்குழாய் நெருக்குண்டு, குடலுக்குப் போக வேண்டிய பித்தநீர் தேங்கி இரத்தத்தில் சேர்கிறது. கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுக்கிறது. இந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்தால் இரத்தம் உறையாமல் போகும் என்ற அச்சம் நியாயமானதுதான். கணையத் தலையோடு கட்டியை அகற்றும் இந்த அறுவை சிகிச்சை முறையை 1935இல் வெளியிட்ட அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள்கூட, முதலில் பித்தநீருக்கு மாற்றுவழி அமைத்துவிட்டு, காமாலை இறங்கிய பின்னரே கட்டியை அகற்றினார். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் உணவிலிருந்து விட்டமின் கே உடலில் சேராது என்பதும், அதை ஊசி வழியாகக் கொடுத்தால் இரத்தம் உறையும் தன்மை மீளும் என்பதும் தெரிந்த பின், 1940இல் அவரே இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கினார். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கும் வசதி வந்த பிறகு, காமாலையை முதலில் இறக்கும் பழைய வழக்கம் எளிதாகிவிட்டதாலேயே மீண்டும் வேரூன்றிவிட்டது.

அந்த வழக்கத்தை நெதர்லாந்து மருத்துவர்கள் முறையாகச் சோதித்துப் பார்த்து, 2010இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். இரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறத்தைத் தரும் பித்த நிறமி) அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 2.3 முதல் 14.6 மி.கி. வரை இருந்த 202 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஒரு வாரத்துக்குள் நேரடியாக அறுவை சிகிச்சையும், மற்றவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் பித்தநீரை வடித்த பிறகு அறுவை சிகிச்சையும் செய்யத் திட்டமிட்டார்கள். நேரடியாக அறுவை சிகிச்சைக்குச் சென்றவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் நேர்ந்தன. ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களிலோ அது 74 சதவீதமாக இருந்தது. உயிரிழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. பித்தக்குழாயின் வாயை நாம் திறந்துவிடும்போது, கிருமியற்றிருக்க வேண்டிய பித்தநீருக்குள் குடலின் கிருமிகள் ஏறுகின்றன, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் குளிர்க்காய்ச்சல் வருகிறது, ஸ்டென்ட் வைப்பதற்கான ஈ.ஆர்.சி.பி. என்னும் எண்டோஸ்கோப்பி முறையைச் செய்வதாலேயே சிலருக்குக் கணைய அழற்சி உண்டாகிறது. இவற்றில் எது நேர்ந்தாலும் தள்ளிப்போவது அறுவை சிகிச்சைதான்.

அந்த ஆய்வில் பெரும்பாலும் குறுகலான பிளாஸ்டிக் ஸ்டென்ட்களே வைக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகலமான, உறையிட்ட உலோக ஸ்டென்ட்டால் வரும் சிக்கல்கள் 24 சதவீதம், பிளாஸ்டிக்கால் 46 சதவீதம் என்று பின்னர் 2016இல் வெளிவந்த ஒப்பீடு காட்டியது. ஆகவே ஸ்டென்ட்டே கூடாது என்பதன்று என் வாதம். குளிர்க்காய்ச்சலோடு வருபவர், பிலிருபின் மிக உயர்ந்துவிட்டவர், அரிப்பால் உறக்கமின்றித் தவிப்பவர், அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபி எடுக்க வேண்டியவர், எந்தக் காரணத்தாலோ பல வாரம் காத்திருக்க நேர்பவர் ஆகியோருக்கு அது அவசியம். அதை முடிவு செய்யும் இடத்தில் அறுவை மருத்துவரும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நம் பக்கத்து நிலைமை இதில் இன்னும் சிக்கலானது. சங்கரன்கோவில் பக்கமானாலும் ராதாபுரம் பக்கமானாலும், கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லியும் பச்சிலையும் உப்பில்லாப் பத்தியமும்தான். வலியே இல்லாமல் நாளுக்கு நாள் ஏறும் காமாலையோடு மலமும் வெளுத்து, வயதும் ஐம்பதைக் கடந்திருந்தால், அது பத்தியத்தில் தீரும் காமாலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. உடனே ஸ்கேன் எடுக்க வேண்டிய காமாலை அது. வாரக்கணக்கில் கழித்துவிட்டு வருபவருக்கு அந்த ஆய்வின் வரம்பையும் தாண்டிப் பிலிருபின் ஏறியிருக்கும். அவருக்கு ஸ்டென்ட் தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. முன்கூட்டியே வருபவருக்கோ, பாளையங்கோட்டை, மதுரை, திருவனந்தபுரம் என்று எங்கே போவது என்று குடும்பத்தார் தீர்மானிக்கும் முன்பே, சில நேரங்களில் சி.டி. ஸ்கேன்கூட முழுமையாக எடுக்கப்படாமல், ஸ்டென்ட் உள்ளே போய்விடுகிறது. ஸ்டென்ட் வைத்த பிறகு எடுக்கும் ஸ்கேனில், அதன் நிழலும் சுற்றியுள்ள வீக்கமும் கட்டி எந்த இரத்தக் குழாயைத் தொட்டிருக்கிறது என்பதை மறைத்துவிடக்கூடும். அறுவை மருத்துவர் அறிய விரும்பும் முதல் செய்தியே அதுதான். காமாலை இறங்கியதைக் கண்டு நோயே குணமாகிவிட்டதாக எண்ணி, மேற்கொண்டு போகாமல் வீட்டோடு இருந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகுந்த வேதனை தந்தது அதுவே.

எனவே, தாலுகா மருத்துவமனைகளிலிருந்து இத்தகைய நோயாளிகளை அனுப்பும்போது, ஸ்கேன் முடித்து, குடல் அறுவை சிகிச்சைப் பிரிவின் கருத்தைப் பெற்ற பிறகே ஸ்டென்ட் என்ற வரிசையைக் கடைப்பிடிக்குமாறு மாவட்டச் சுகாதார நிர்வாகத்தை வேண்டுகிறேன். காய்ச்சலோடு வருபவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவருக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தாங்களும் அக்கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு விளக்கம் வெளியிட வேண்டும். அத்துடன், ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைத் தேதிக்காக ஊரில் காத்திருப்பவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மறுபடி மஞ்சளித்தாலோ, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பொறுத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.