காசுக்கு இங்கே வைத்திருக்கும் பெயர்கள்

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக் கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. கறுப்புக் கண்ணாடி போடமாட்டேன் என்று அடம்பிடித்தால் சொல், நான் போனில் பேசுகிறேன், என் பேச்சை அம்மா தட்டமாட்டார்கள். இங்கே எல்லோரும் சுகம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் குளிர் போயும் போகாமலும் இழுத்துக்கொண்டிருக்கிறது, வேறு விசேஷம் இல்லை.

மீனா செப்டம்பரில் படிக்க வருவது உறுதியானதில் எங்களுக்கும் ரொம்பச் சந்தோஷம். அவள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள், உன்னிடம் காட்டினாளா? மனி என்கிற ஒரு சொல்லுக்கு இணைச்சொற்களாம். கேஷ், கரன்சி, ஃபண்ட்ஸ், கேபிடல், வெல்த், டோ, பிரெட், லூட், க்விட், பக்ஸ், மங்கி என்று எங்கிருந்தெல்லாமோ பொறுக்கி ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு “எல்லாம் சரியா மாமா?” என்று கேட்டிருக்கிறாள். சரிதான், ஒன்றும் தப்பில்லை. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கலாம் என்று நினைத்தாளானால் அங்கேதான் இடிக்கும். “கல்லூரிக் கட்டணம் கட்ட டோ இல்லை” என்று ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் எழுதினால் படிக்கிறவர் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். நம் ஊரில் “துட்டு இல்லீங்கய்யா” என்று கலெக்டருக்கு மனு எழுதுவோமா? அதே கதை.

இங்கே தினமும் காதில் விழுவது க்விட்தான். ஒரு பவுண்டு என்றால் ஒரு க்விட். ஐந்தானாலும் ஐம்பதானாலும் அதே க்விட்தான், பன்மைக்கு எஸ் சேர்ப்பதில்லை. சேர்த்தால் புதிதாக வந்த ஆள் என்று தெரிந்துவிடும். ஐந்து பவுண்டு நோட்டு ஃபைவர், பத்து டென்னர், ஆயிரம் ஒரு கிராண்ட். சம்பளம் பேசும் இடத்தில் அந்த ஆயிரமே கே என்ற ஓர் எழுத்தாகிவிடும், வீட்டு விலை பேசும் இடத்தில் ஆயிரம் என்பதையே விழுங்கிவிடுவார்கள். “த்ரீ ஃபிஃப்டிக்குப் போச்சு” என்றால் மூன்றரை லட்சம் பவுண்டு என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். பாப் என்றால் பழைய ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு இருபது. 1971 பிப்ரவரி 15-ஆம் தேதி தசமக் கணக்குக்கு மாறியபோது ஷில்லிங் கணக்கு ஒழிந்தது, ஆனால் “அவன்கிட்ட கொஞ்சம் பாப் இருக்கு” என்று பணக்காரனைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். நாமும் அணாவை விட்டு எவ்வளவோ காலம் ஆகியும் “நாலணாவுக்குப் பெறமாட்டான்” என்கிறோமே.

பக்ஸ் அமெரிக்கச் சரக்கு, இங்கே அதிகம் எடுபடாது. பக் என்றால் ஆண் மான். பழங்குடி மக்களோடு மான் தோலைக் கொடுத்து வியாபாரம் நடந்த காலத்துச் சொல். 1748-இல் ஒஹாயோ பக்கம் பயணம் போன கான்ராட் வைசர் என்பவரின் நாட்குறிப்பில் ஒரு பீப்பாய் விஸ்கிக்கு ஐந்து பக் என்று விலையே போட்டிருக்கிறது. மந்தை ஓட்டியவர்களும் அப்படித்தான். கேபிடல் (முதல்), கேட்டில் (மாடுகள்) இரண்டும் தலை என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. வள்ளுவர் “மாடல்ல மற்றை யவை” என்றபோது மாடு என்றது செல்வத்தைத்தானே, இதை உன் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல், குறளும் சேர்ந்து மனதில் நிற்கும்.

அவள் பட்டியலில் குரங்கும் இருக்கிறது, கவனித்தாயா? மங்கி என்றால் ஐந்நூறு பவுண்டு, போனி என்றால் இருபத்தைந்து. குதிரைப் பந்தயக்காரர்களும் பழைய கார் வியாபாரிகளும் சொல்வது. இந்தியாவில் அந்தக் காலத்து ஐந்நூறு ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்தது, சிப்பாய்கள் அந்தப் பேச்சை இங்கே கொண்டுவந்தார்கள் என்று இன்டர்நெட் முழுக்க ஒரு கதை ஓடுகிறது. நம்பாதே. நம் நாட்டில் அரசாங்கமே நோட்டு போட ஆரம்பித்தது 1861 சட்டத்துக்குப் பிறகு, குரங்கு அதற்கு முன்பே லண்டன் பேச்சில் ஏறிவிட்டது.

நிஜமாகவே நம்மிடமிருந்து போனவை வேறு. கிழக்கிந்தியக் கும்பினியார் மதராஸில் வைத்திருந்த கணக்கு 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. கேஷ் நம் காசு, போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனது. ஃபனம் நம் பணமேதான். பகோடா என்பது வராகன் என்ற பொற்காசு, நீ சாயங்காலம் டீயோடு தின்கிற பகோடா இல்லை. “பகோடா மரத்தை உலுக்குவது” என்றால் இந்தியாவுக்குப் போய்ச் சீக்கிரம் பணக்காரன் ஆவது என்று அன்றைக்கு இங்கே அர்த்தம், எவ்வளவு வாய்க்கொழுப்பு பார்! ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கேஷ் கவுன்டரில் இருக்கும் கேஷ் நம் காசிலிருந்து வந்ததாக மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த வேறு சொல், ஒலி ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம். லூட்டும் இந்தியச் சரக்குதான், இந்தியில் கொள்ளை. கொள்ளையையே பணத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்களே, அந்த ஒரு விஷயத்தில் நேர்மைதான்.

இதெல்லாம் காதுக்குத்தான் வேண்டும், மீனா வாய்க்கு வேண்டியதில்லை. அப்டன் பார்க் குயின்ஸ் மார்க்கெட்டுக்கு அவளைக் கூட்டிப்போகப் போகிறேன். மாம்பழம், தக்காளி, பச்சைமிளகாய் என்று கிண்ணம் கிண்ணமாகக் குவித்து வைத்து “பவுண்ட் எ போல், பவுண்ட் எ போல்” (கிண்ணம் ஒரு பவுண்டு) என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நாம் கையைக் காட்டியதும் கிண்ணத்தை அப்படியே மெல்லிய பையில் கவிழ்த்து முடிச்சுப் போட்டு நீட்டிவிடுவார்கள், பொறுக்கி எடுக்கும் பேச்சே கிடையாது, அடியில் ஒன்றிரண்டு நசுங்கினது இருந்தால் நம் தலையெழுத்து. அங்கே நின்று ஒரு மணி நேரம் கேட்டால் போதும், ஃபைவரும் டென்னரும் தானாக வந்துவிடும்.

அவள் உட்கார்ந்து படிக்க வேண்டியது வேறு பட்டியல். பணம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறும். பஸ்ஸுக்குக் கொடுத்தால் ஃபேர், பல்கலைக்கழகத்துக்கு ஃபீ, வீட்டுக்காரருக்கு ரென்ட், தப்பு செய்தால் ஃபைன், மணிக்கணக்கில் வேலை செய்து வாங்கினால் வேஜ், மாதச் சம்பளம் சாலரி. கணக்கில் பணம் போதாமல் கார்டு மறுக்கப்பட்டால் அதற்குப் பெயர் “இன்சஃபிஷியன்ட் ஃபண்ட்ஸ்”, அந்த இடத்தில் மனி என்று போடுவதில்லை. நம்மிடம் மட்டும் குறைச்சலா? கூலி, வாடகை, மொய், காணிக்கை, அட்வான்ஸ், கைமாத்து. மொய்யை இங்கே உள்ளவர்களுக்கு விளக்கிப் பார்த்திருக்கிறேன். திருப்பிச் செய்ய வேண்டும் என்றதும் கடனா என்கிறார்கள், நோட்டில் எழுதி வைப்போம் என்றதும் கடனேதான் என்று முடித்துவிடுகிறார்கள்.

இதில் டெபாசிட் என்ற சொல்லில்தான் வருகிற பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். வெளியே தனியார் வீடு எடுத்தால் அறையைப் பிடித்து வைக்க முதலில் கேட்பது ஹோல்டிங் டெபாசிட், அது ஒரு வார வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம் கேட்பது சாதாரண டெபாசிட், ஐந்து வார வாடகைதான் அதற்கு வரம்பு. நம் ஊர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் இங்கே கிடையாது. 2019 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் இதுதான் சட்டம், அட்மின் ஃபீ, ரெஃபரன்ஸ் ஃபீ என்று ஏஜென்ட் தனியாகக் கறக்கவும் முடியாது. வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த ஒரு திட்டத்தில் போட்டு விவரத்தை எழுத்தில் தர வேண்டும். வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறை என்றால் டெபாசிட்டைத் திட்டத்தில் போடும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதை மறந்துவிடாதே. நம் ஆள்தானே, தமிழ்தானே பேசுகிறார் என்று சாவியைப் பார்க்கும் முன்பே ஊரிலிருந்து பணத்தை அனுப்பிவிட வேண்டாம். விலாசத்தை எனக்கு அனுப்பு, சனிக்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை ஒரு க்விட்கூட யாருக்கும் போடாதீர்கள்.

அன்புடன்,
உன் சண்முகம்